வெறுங்கால் கல்லூரியின் பெண் பொறியாளர்கள்

வெறுங்கால் கல்லூரி என்பது இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில், அஜ்மீர் மாவட்டத்தைச் சேர்ந்த திலோனியா என்னும் சிற்றூரில் 1972 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தன்னார்வ நிறுவனம் ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத, அல்லது பள்ளிப் படிப்பை இடையில் விட்ட கிராமப்புறப் பெண்களுக்குச் சூரிய மின்விளக்கு அமைப்புகளை உருவாக்கவும், நிறுவவும், பழுது நீக்கவும் பயிற்சி அளித்ததன் மூலம் இந்நிறுவனம் உலக அளவில் அறியப்பட்டது. இப்பெண்கள் வெறுங்கால் சூரியமின் பொறியாளர்கள் என அழைக்கப்படுகின்றனர். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இங்கு பட்டமோ சான்றிதழோ வழங்கப்படுவதில்லை. அது தற்செயலாக விடுபட்ட ஒன்று அல்ல. நிறுவனத்தின் கொள்கைகளுள் ஒன்று. அந்தக் கொள்கையின் பலனும் அதற்குக் கொடுக்க நேர்ந்த விலையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பெயரும் தொடக்கமும்

நிறுவனத்தின் முதற்பெயர் சமூகப்பணி மற்றும் ஆய்வு மையம் என்பதாகும். சீனாவில் மா சே துங் காலத்தில், குறுகிய காலப் பயிற்சி பெற்று ஊர்களிலேயே தங்கி மருத்துவம் பார்த்தவர்கள் வெறுங்கால் மருத்துவர்கள் எனப்பட்டனர். அச்சொல்லைத் தழுவியே பிற்காலத்தில் வெறுங்கால் கல்லூரி என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. காந்தியின் கிராமத் தன்னிறைவுக் கருத்துகளும் நிறுவனத்தின் மீது பெரும் தாக்கம் செலுத்தின. சீனப் பெயரும் காந்தியக் கொள்கையும் ஒரே இடத்தில் பொருந்தி நின்றது சற்று வியப்புக்குரியதே.

நிறுவனர் சஞ்சித் ராய். பங்கர் ராய் என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். 1945 இல் பிறந்த இவர் தேராதூனின் தூன் பள்ளியிலும் தில்லியின் புனித ஸ்டீபன் கல்லூரியிலும் படித்தவர். 1960களின் நடுவில் பீகாரில் ஏற்பட்ட பஞ்சத்தை நேரில் கண்டது இவரது வாழ்வின் போக்கை மாற்றியது. கிணறு தோண்டும் பணியில் சில ஆண்டுகள் ஈடுபட்ட பின்னர், திலோனியாவில் கைவிடப்பட்டுக் கிடந்த காசநோய் மருத்துவமனைக் கட்டிடங்களை அரசிடமிருந்து பெயரளவிலான வாடகைக்குப் பெற்று மையத்தைத் தொடங்கினார். இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிய அருணா ராய் 1983 வரை இங்கு பணியாற்றினார். பின்னாளில் தகவல் அறியும் உரிமைக்கான இயக்கத்தில் முன்னணியில் நின்றவர் இவரே.

தொடக்கத்தில் இம்மையம் நகரங்களிலிருந்து நிலவியலாளர், மருத்துவர், கணக்காளர் முதலிய படித்தவர்களை வரவழைத்தே இயங்கியது. அவர்களுள் பலர் நெடுநாள் தங்கவில்லை. ஊரில் ஏற்கெனவே உள்ளவர்களுக்கே வேலையைக் கற்றுத் தந்தால் என்ன என்ற கேள்வி அதன் பின்னரே வலுப்பெற்றது.

பின்புலம்

1991 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராஜஸ்தானில் பெண்களின் எழுத்தறிவு 20.4 விழுக்காடு மட்டுமே. 2011 இல் இது 52.1 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டில் ஆண்களின் எழுத்தறிவு 79.2 விழுக்காடு. இவ்வெண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சராசரி உயர்வதற்குப் பெருங்காரணம் பள்ளிக்குச் செல்லும் இளந்தலைமுறையே ஆகும். 1991 இல் முப்பது வயதான, எழுத்தறியாத பெண் 2011 இல் ஐம்பது வயதான, எழுத்தறியாத பெண்ணாகவே பெரும்பாலும் இருப்பார். பள்ளிகளை எவ்வளவு விரைவாகத் திறந்தாலும் அவரைச் சென்றடையாது. வெறுங்கால் கல்லூரி தேடிச் சென்றது இந்த வயதினரைத்தான்.

சிறுவர்களுக்கான இரவுப் பள்ளிகளையும் நிறுவனம் 1970களிலிருந்து நடத்தியது. பகலில் ஆடு மாடு மேய்க்கும் சிறுவர் சிறுமியர் மாலையில் வந்து படித்தனர். பகற்பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுமியருக்கு இவை குறிப்பாகப் பயன்பட்டன. முதலில் மண்ணெண்ணெய் விளக்கொளியிலும் பின்னர் சூரிய விளக்கொளியிலும் வகுப்புகள் நடந்தன. சூரிய மின்சாரத்தின் தேவை அங்கு உணரப்பட்டதற்கு இப்பள்ளிகளும் ஒரு காரணம்.

கைப்பம்பு பழுதுபார்த்தல்

சூரிய விளக்கிற்கு முன்னர் திலோனியாவின் முதல் தொழில்நுட்பம் கைப்பம்பு ஆகும். வறண்ட நிலப்பகுதியான இங்கு ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகளும் கைப்பம்புகளும் அமைக்கப்பட்டன. ஆனால் ஒரு பம்பு பழுதடைந்தால் நகரிலிருந்து பொறியாளர் வண்டியில் வர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஊர் இளைஞர்களுக்கே பழுதுநீக்கப் பயிற்சி அளிக்கும் முறையை நிறுவனம் 1970களின் இறுதியில் முன்வைத்தது. அவ்வாறு பயிற்சி பெற்றவர் மிஸ்திரி எனப்பட்டார்.

1980களில் பெண்களும் இப்பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டனர். கனமான இரும்புக் குழாய்களைத் தரையின் கீழிருந்து உருவி எடுக்கும் வேலை பெண்களால் இயலாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. நாள்தோறும் தலையில் குடம் சுமந்து நெடுந்தொலைவு நடப்பவரைப் பார்த்து இவ்வாறு கூறப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பம்பு நின்றுபோனால் முதலில் பாதிக்கப்படுபவர் தண்ணீர் கொண்டு வரும் பெண்ணே. ஆகவே அதை விரைவில் சரிசெய்வதில் அவருக்கு உள்ள அக்கறை, மாதச் சம்பளம் பெறும் ஊழியருக்கு இருப்பது கடினம். பயிற்சி பெற்றோரில் தலித் பெண்களும் இருந்தனர். யார் தொட்ட தண்ணீரை யார் குடிப்பது என்பதில் சாதி பார்க்கும் ஊர்களில், பம்பின் உள்ளுறுப்புகளைக் கழற்றி மாட்டுபவர் ஒரு தலித் பெண்ணாக இருப்பது தொழில்நுட்பத்தோடு மட்டும் நின்றுவிடும் செய்தியன்று.

சூரிய மின்விளக்கு அமைப்பு

திலோனியா வளாகத்தில் 1980களின் இறுதியில் சூரிய மின்சாரம் பயன்பாட்டிற்கு வந்தது. பின்னர் லடாக் உள்ளிட்ட, மின்கம்பி எட்டாத மலைப்பகுதி ஊர்களுக்கும் இது கொண்டு செல்லப்பட்டது.

ஒரு வீட்டிற்கான அமைப்பில் நான்கு முதன்மை உறுப்புகள் உள்ளன. கூரைமேல் வைக்கப்படும் சூரியத் தகடு பகலில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அது ஈய-அமில மின்கலத்தில் சேமிக்கப்படுகிறது. இரவில் மின்கலத்திலிருந்து விளக்கு எரிகிறது. இவற்றிற்கு இடையில் நின்று காவல் காப்பது மின்னேற்றக் கட்டுப்படுத்தி எனப்படும் சிறு மின்சுற்று. 12 வோல்ட்டு மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் இது மின்னேற்றத்தை நிறுத்துகிறது. ஏறத்தாழ 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் விளக்கை அணைக்கிறது. இக்காவல் இல்லையெனில் மின்கலம் சில மாதங்களிலேயே பாழாகிவிடக்கூடும். தகடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். விளக்கு எளிதில் மாற்றத்தக்கது. ஊர்ப்புறச் சூரிய மின் திட்டங்கள் பலவும் தோற்றுப்போவது மின்கலத்திலும் கட்டுப்படுத்தியிலும் தான்.

எடுத்துக்காட்டாக, 40 வாட்டுத் தகடு ஒன்று நல்ல வெயில் ஐந்து மணிநேரம் கிடைத்தால் 200 வாட்டு-மணி ஆற்றலைத் தரும். இழப்புகள் போக 130 முதல் 140 வரை மிஞ்சும். 9 வாட்டு சி.எஃப்.எல். விளக்குகள் இரண்டு ஆறு மணிநேரம் எரிய 108 வாட்டு-மணி போதும். 12 வோல்ட்டு, 40 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 480 வாட்டு-மணி சேமிக்கலாம். அதில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது மின்கலத்தின் ஆயுளுக்கு நல்லது. அவ்வாறு பயன்படுத்தினாலும் மேகமூட்டமான இரண்டு இரவுகளைச் சமாளிக்கலாம். இக்கணக்கு பொறியியல் படிப்பின் முதலாண்டில் வருவது. இதை எழுத்தில் போடாமலும் ஒருவர் நடைமுறையில் கற்றுக்கொள்ள முடியும் என்பதே திலோனியாவின் துணிபு.

மின்கம்பி எட்டாத ஊர்களில் இதற்கு மாற்றாக இருந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் புகையை நெடுநேரம் சுவாசிப்பவர்கள் வீட்டிற்குள் சமைக்கும் பெண்களும் அருகில் இருக்கும் குழந்தைகளும் ஆவர். மண்ணெண்ணெய்க்கு மாதந்தோறும் செலவிடவும் வேண்டும்.

பயிற்சி முறை

பயிற்சிக்காலம் ஆறு மாதங்கள். பயிற்சிக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள்; பாட்டிமார்களும் பலர். பங்கர் ராய் இதற்குக் கூறிய காரணம் பலமுறை எடுத்துக்காட்டப்படுவது. இளைஞருக்குப் பயிற்சி அளித்தால் அவர் முதலில் சான்றிதழ் கேட்பார், சான்றிதழ் கிடைத்ததும் வேலை தேடி நகரத்திற்குப் போய்விடுவார், பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டார் என்பது அவரது வாதம். சான்றிதழ் தராமைக்கும் இதுவே விளக்கம். ஊரில் விளக்கு எரிவதுதான் தேர்ச்சிக்குச் சான்று என்று நிறுவனம் கருதியது.

வகுப்பறையில் பல மொழி பேசும் பெண்கள் ஒரே மேசையில் அமர்கின்றனர். பயிற்றுநர்களும் பெரும்பாலும் முன்னர் இங்கேயே பயின்ற, அதிகம் படிக்காத கிராமப் பெண்களே. பொதுமொழி எதுவும் இல்லாத நிலையில் சைகை, செய்து காட்டல், திரும்பத் திரும்பச் செய்தல், படங்கள், நிறங்கள் ஆகியவை மொழியாகின்றன. உறுப்புகளின் பெயர்களாகச் சில ஆங்கிலச் சொற்களை மட்டும் எல்லோரும் கற்றுக்கொள்கின்றனர்.

நிறம் இங்கு பெற்ற இடம் சற்று விரிவாகக் கூறத்தக்கது. மின்சுற்றுகளில் பயன்படும் மின்தடையங்கள் அரிசிமணியை விடச் சற்றே பெரியவை. அவற்றின்மேல் எண்ணை அச்சிட்டால் படிப்பது கடினம். ஆதலால் உலகெங்கும் அவற்றின் மதிப்பு நிறப்பட்டைகளால் குறிக்கப்படுகிறது. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரு பட்டைகள் இலக்கங்கள். மூன்றாவது பட்டை அவற்றைத் தொடரும் சுழியங்களின் எண்ணிக்கை. பழுப்பு, கருப்பு, சிவப்பு என்று வந்தால் 1000 ஓம். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வந்தால் 4700 ஓம்.

பொறியியல் மாணவர்கள் இவ்வரிசையை ஏதாவதொரு வாய்பாட்டை வைத்து மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறப்பது வழக்கம். திலோனியாவுக்கு வரும் பெண்ணுக்கோ இது எழுத்தில்லாத எழுத்து. மின்சுற்றுப் பலகையில் எந்த இடத்தில் எந்த நிறவரிசை வர வேண்டும் என்பதை அவர் படத்தைப் பார்த்துப் பொருத்துகிறார். சேலையின் கரை நிறங்களையும் பாசிமணி மாலையின் வரிசையையும் பார்த்தவுடன் பிழை கண்டுபிடிக்கும் கண்ணுக்கு இது கடினமான வேலை அல்ல. கல்லாதவர்களுக்காக எவரும் உருவாக்கிய குறியீடு அன்று இது; மின்னணுத் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கப்பட்டது. எழுத்தறிவு இல்லாமல் மின்னணுவியல் இயலாது என்ற எண்ணம் எவ்வளவு தூரம் பழக்கத்தால் வந்தது என்பதை இந்த ஒரு செய்தி காட்டுகிறது.

பலகையில் உறுப்புகளைப் பற்றவைத்தல், மின்மாற்றிச் சுருள் சுற்றுதல், பல்மானி கொண்டு மின்னழுத்தம் அளத்தல், தகட்டைச் சரியான சாய்வில் பொருத்துதல், மின்கலத்திற்கு வடிநீர் ஊற்றுதல் ஆகியவை தொடர்ந்து கற்பிக்கப்படுகின்றன. பழுது கண்டறிதலே கடைசியாகவும் மிகக் கடினமானதாகவும் உள்ளது. வேண்டுமென்றே பழுதாக்கிய சுற்றைத் தந்து காரணத்தைக் கண்டுபிடிக்கச் செய்வது உலகெங்கும் மின்னணுப் பயிற்சிக்கூடங்களில் கையாளப்படும் வழி. ஏன் இவ்வாறு இயங்குகிறது என்ற கோட்பாட்டு விளக்கம் இப்பயிற்சியில் மிகக் குறைவு. இது அதன் வலிமையும் வரம்பும் ஆகும். பழகிய சுற்றை அவர்கள் விரைவாகச் சரிசெய்வர். சுற்றின் வடிவமைப்பே மாறினால், எடுத்துக்காட்டாக சி.எஃப்.எல். போய் எல்.ஈ.டி. விளக்கு வந்தால், மறுபயிற்சி தேவைப்படும்.

ஊர்க்குழுவும் கட்டணமும்

பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுப்பது ஊரார் பொறுப்பு. முதலில் ஊர்க்குழு ஒன்று அமைக்கப்படுகிறது. பயிற்சிக்கு அனுப்ப வேண்டிய பெண்ணை அக்குழு தேர்கிறது. விளக்கு வேண்டும் ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்த ஒப்புக்கொள்கிறது. மண்ணெண்ணெய், மெழுகுவத்தி, டார்ச்சுப் பாட்டரி ஆகியவற்றிற்கு அக்குடும்பம் ஏற்கெனவே செலவிடும் தொகையை ஒட்டி இது அமையும். இந்நிதியிலிருந்து பெண் பொறியாளருக்கு ஊதியம் வழங்கப்படுகிறது, உதிரிப்பாகங்களும் வாங்கப்படுகின்றன. பழுதுபார்ப்பதற்கென ஊரில் ஒரு பட்டறை ஒதுக்கப்படுகிறது.

அதிகாரம் என்பது இங்கு மிகச் சாதாரணமான வடிவில் தோன்றுகிறது. விளக்கு எரியாத வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்க வேண்டியுள்ளது.

பிற நாட்டுப் பெண்கள்

2000களின் நடுப்பகுதியிலிருந்து ஆப்கானித்தானிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் திலோனியாவுக்கு வரத் தொடங்கினர். 2008 முதல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஐடெக் எனப்படும் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் அவர்களின் பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஏற்றது. சியெரா லியோனி, தன்சானியா முதலிய பல நாடுகளைச் சேர்ந்த பெண்கள் இவ்வாறு பயின்றனர். பின்னர் சான்சிபாரிலும் ஒரு பயிற்சி மையம் அமைக்கப்பட்டது. சூரிய அம்மாக்கள் என்ற பெயர் இப்பெண்களுக்கு உலக ஊடகங்களில் நிலைத்தது.

ஊரை விட்டே வெளியேறாத ஒரு பெண் விமானம் ஏறி, அறியாத மொழி பேசும் நாட்டில் ஆறு மாதம் தங்குவது அவரது குடும்பத்தில் எளிதாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. ஜோர்தானின் பாலைநிலத்தைச் சேர்ந்த ஒரு பெதுவீனியப் பெண்ணின் பயிற்சிக் காலத்தை 2012 இல் வெளிவந்த சோலார் மாமாஸ் என்ற ஆவணப்படம் பின்தொடர்கிறது. குழந்தைகளைப் பறித்துக்கொள்வேன் என்று கணவர் மிரட்டியதால் அவர் பயிற்சியின் நடுவில் ஊர் திரும்புகிறார். பின்னர் எதிர்ப்பை மீறி மீண்டும் திலோனியாவுக்கு வருகிறார். மின்சுற்றைக் கற்பதை விட வீட்டு வாசலைத் தாண்டுவது அவருக்குக் கடினமாக இருந்தது.

வரம்புகளும் விமர்சனங்களும்

இம்முறை பற்றிப் பாராட்டுரைகள் மிகுதி. ஆயினும் அதன் வலுவற்ற இடங்களும் கவனிக்கத்தக்கவை. ஈய-அமில மின்கலம் ஒன்று பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உழைக்கும். அதற்குள் ஊர்நிதியில் போதிய பணம் சேராவிட்டால், பொறியாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் விளக்கு அணைந்துவிடும். தூக்கி எறியப்படும் பழைய மின்கலத்தின் ஈயம் நஞ்சாகும். தூய ஆற்றல் என்று சொல்லும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உதிரிப்பாகங்கள் தொலைநாடுகளிலிருந்து வர வேண்டியுள்ள ஊர்களில் காத்திருப்பு நீள்கிறது. கைப்பம்பிற்காக நகரத்துப் பொறியாளரை எதிர்நோக்கியிருந்த பழைய நிலையைச் சற்றே ஒத்தது இது.

இந்தியாவில் சூழலும் மாறியுள்ளது. 2017 இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தின்கீழ் வீடுகளுக்கு மின்னிணைப்பு வழங்கப்பட்டது. 2018 ஏப்ரலில் எல்லா ஊர்களுக்கும் மின்சாரம் சென்றடைந்துவிட்டதாக இந்திய அரசு அறிவித்தது. ஊருக்கு மின்கம்பி வந்த பின்னர் தனித்த சூரிய விளக்கு முதன்மைத் தேவையிலிருந்து மாற்று ஏற்பாடாக மாறுகிறது.

கல்வி, பாலினச் சமத்துவம், தூய ஆற்றல் ஆகியவை 2015 இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் முறையே 4, 5, 7 எனத் தனித்தனி எண்களைப் பெற்றுள்ளன. திலோனியாவின் பணியை இவற்றுள் ஒரு கட்டத்தில் மட்டும் அடைக்க முடியாது. அதனாலேயே அதை அளப்பதும் கடினமாக உள்ளது. எத்தனை வீடுகளில் விளக்கு பொருத்தப்பட்டது என்று எண்ணலாம். ஐந்தாண்டு கழித்து எத்தனை எரிகின்றன, அப்பெண்ணின் சொல் ஊர்க்கூட்டத்தில் எடுபடுகிறதா என்பவை எண்ணப்படுவது அரிது.

கணினியும் ஊராட்சியும்: நௌர்த்தி பாய்

சான்றிதழ் இல்லாத அறிவுக்கு வெளியுலகில் என்ன மதிப்பு என்பதற்கு நௌர்த்தி பாய் என்பவரின் வாழ்க்கை தெளிவான எடுத்துக்காட்டு. திலோனியாவை அடுத்த ஹர்மாரா ஊரைச் சேர்ந்த தலித் பெண்ணான இவர் பள்ளி சென்றவரல்லர்.

1981 இல் வறட்சி நிவாரணப் பணியாக மதன்கஞ்ச்-ஹர்மாரா சாலை போடப்பட்டது. வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த பெண்கள். அப்போதைய குறைந்தபட்ச நாட்கூலி 7 ரூபாய். இருபது பேர் கொண்ட குழு மொத்தமாகச் செய்த வேலையை அளந்து கூலி கணக்கிடப்பட்டதால், பலருக்கு அதைவிடக் குறைவான தொகையே கிடைத்தது. நிவாரணப் பணிகளைத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கி 1964 இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தை அரசு காரணம் காட்டியது. அச்சாலையில் கல்லுடைத்த நௌர்த்தி பாய் பிற பெண்களைத் திரட்டினார். பங்கர் ராய் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சஞ்சித் ராய் எதிர் இராஜஸ்தான் மாநிலம் என்னும் அவ்வழக்கில் 1983 சனவரியில் தீர்ப்பு வந்தது. நிவாரணப் பணி என்ற பெயரில் குறைந்தபட்சக் கூலியை மறுக்க முடியாது என நீதிமன்றம் கூறியது. அவ்வாறு மறுப்பது, கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புக்கு எதிரானது என்று நீதிபதி பகவதி எழுதினார்.

நௌர்த்தி பாய் அதன் பின்னர் திலோனியாவில் எழுதப் படிக்கக் கற்றார். நடுவயதில் கணினியும் கற்று, அங்கேயே கணினிப் பிரிவில் பணிபுரிந்து, மற்றப் பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். சூரியத் தகட்டிற்கும் கணினிக்கும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. சூரிய விளக்கை எழுத்தில்லாமல் பழகலாம். கணினிக்கு எழுத்து வேண்டும். அவரைப் பொறுத்தவரை எழுத்தறிவு முதலில் வந்தது கூலிப் பட்டியலைச் சரிபார்க்கத் தேவைப்பட்டதால். விசைப்பலகை அதற்குப் பின்னர் வந்தது.

1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. இராஜஸ்தான் 2010 தேர்தலில் இதைப் பாதியாக உயர்த்தியது. அத்தேர்தலில் நௌர்த்தி பாய் ஹர்மாரா ஊராட்சித் தலைவராக, அதாவது சர்பஞ்சாக, தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் தலைவரின் பெயரில் கணவரோ மகனோ நிர்வாகம் செய்வது வட இந்திய ஊராட்சிகளில் பரவலாகக் கூறப்படும் குறை. தாமே கணினியை இயக்கி ஊராட்சி வேலைகளைக் கவனித்த இவர் அதற்கு விலக்காக இருந்தார். செய்தித்தாள்களும் இவரைப் பற்றி எழுதின.

கல்வித் தகுதிச் சட்டம்

2014 திசம்பரில், அடுத்த ஊராட்சித் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, இராஜஸ்தான் அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதன்படி ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவோர் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பழங்குடியினருக்கான பட்டியலிடப்பட்ட பகுதிகளில் ஐந்தாம் வகுப்பு. மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்குப் பத்தாம் வகுப்பு. நிதி முறைகேடுகளைத் தடுக்கப் படித்த தலைவர்கள் தேவை என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். சட்டமன்ற உறுப்பினருக்கோ நாடாளுமன்ற உறுப்பினருக்கோ இத்தகைய கல்வித் தகுதி எதுவும் இந்தியாவில் இல்லை என்பதை எதிர்த்தோர் சுட்டிக்காட்டினர்.

கணினி இயக்கத் தெரிந்த, ஐந்தாண்டு ஊராட்சியை நடத்திய நௌர்த்தி பாய் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் தகுதியற்றவர் ஆனார். அவரைப் போலவே மாநிலத்தின் நடுவயதுக் கிராமப் பெண்களில் மிகப் பெரும்பான்மையோர், குறிப்பாகத் தலித் பெண்களும் பழங்குடிப் பெண்களும், தேர்தலுக்கு வெளியே தள்ளப்பட்டனர். பெண்களுக்கென ஒதுக்கிய இடங்கள் அப்படியே இருந்தன. அவற்றில் போட்டியிடக்கூடிய பெண்களின் எண்ணிக்கைதான் குறைந்தது. நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்ட போதிலும் 2015 தேர்தல் இந்நிபந்தனையுடனேயே நடந்தது. தேர்தலுக்குப் பின்னர், போலி மதிப்பெண் சான்றிதழ் அளித்ததாக வெற்றி பெற்றவர்கள் பலர்மீது வழக்குகள் பதிவாயின. முறைகேட்டைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட நிபந்தனையே ஒரு புதிய முறைகேட்டிற்கு வழிவகுத்தது.

அரியானாவும் 2015 இல் இதுபோன்ற சட்டம் இயற்றியது. பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பும் பெண்களுக்கு எட்டாம் வகுப்பும் அங்கு தகுதியாக வைக்கப்பட்டன. ராஜ்பாலா எதிர் அரியானா மாநிலம் என்ற வழக்கில், அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2015 திசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. இராஜஸ்தானில் 2018 இறுதியில் ஆட்சி மாறியது. 2019 பெப்ரவரியில் சட்டமன்றம் கல்வித் தகுதி நிபந்தனையை நீக்கியது. எனவே 2020 இல் தொடங்கிய ஊராட்சித் தேர்தல்களில் பள்ளிச் சான்றிதழ் இல்லாத பெண்களும் மீண்டும் வேட்புமனு அளிக்க முடிந்தது.